ஆயிரம் ஓம்

எட்டு பன்னிரண்டுக்கு வேணி சுவிட்சைப் போட்டாள், இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் சுட இருபத்தொன்பது நிமிஷம், ஆக எட்டு நாற்பத்தொன்றுக்கு அவன் உள்ளே போவான் என்று சுடர்க்கொடி நினைத்தாள். நினைத்ததும் அந்த ‘அவன்’ எத்தனை சுலபமாக வந்துவிட்டது என்று ஒரு கணம் திகைத்தாள். பதினாலு மாசத்துக்கு முன்பு வரை அவர் மச்சான், அக்கா கயற்கண்ணியின் கணவர் சிவநேசன், லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கர், வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று காபி கொடுக்க வேண்டியவர். அக்கா இந்த வீட்டுக் குளியலறையில் ஷாக் அடித்துச் செத்த அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ‘ர்’ தேய்ந்து தேய்ந்து, ஆறு மாசத்தில் அவன் இந்த வேணியைக் கட்டிக்கொண்டபோது முழுசாக உதிர்ந்துவிட்டது. இப்போது அவன் முன்னறையில் டிவியைப் பார்த்துக்கொண்டு, பந்து ஆடிவிட்டு வந்த வேர்வையோடு, வெந்நீருக்குக் காத்திருக்கிறான். வேணி சமையலறையில் சட்னிக்குத் தாளிக்கிறாள். சுடர்க்கொடி நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு அரை முழம் மேலே கீஸர் சுவிட்ச், எதிரே குளியலறைக் கதவு. வந்த காரியம் என்னவோ சின்னதுதான். அக்காவின் சர்டிபிகேட்டும் புடவைகளும் இருக்கிற இரும்புப் பெட்டி பரணில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா என்று வேணியே போன வாரம் போன் பண்ணியிருந்தாள். பெட்டி கனம், அவர் குளித்துவிட்டு வந்து இறக்கித் தருவார், அதுவரை உட்காருங்கள். உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைப்பை. கைப்பைக்குள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து சொல்லாமல் எடுத்து வந்த மல்டிமீட்டரும், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பீங்கான் மின்தடையும். மின்தடை இன்னும் ஆறவில்லை. பையின் துணியைத் தாண்டித் தொடையில் சுடுகிறது.

இருபத்தொன்பது நிமிஷம் என்பது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. கீஸரின் வயிற்றில் ஒட்டியிருந்த தகட்டில் இருநூற்று முப்பது வோல்ட், இரண்டாயிரம் வாட் என்று இருந்தது, வாட்டை வோல்ட்டால் வகுத்தால் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே ஆம்பியர், வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடை இருபத்தாறரை ஓம். கம்பி மாறாது, வீட்டுக்கு வரும் வோல்ட்தான் மாறும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தெருவே ஒரே நேரத்தில் தண்ணீர் காய்ச்சுகிறது, வோல்ட் இருநூற்றுப் பதினெட்டுதான், அதனால் மின்சாரமும் குறைவு, இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு வாட்டுக்குப் பக்கம், அதற்குத்தான் இருபத்தொன்பது நிமிஷம். பதினோரு வருஷமாக அவள் பெண்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறாள். காலையில் மேசை மேசையாக அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் எடுத்து வைப்பாள், சாயங்காலம் எண்ணி உள்ளே வைப்பாள், இடையில் பிள்ளைகள் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று நோட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வகுத்தால் எதிர்ப்பு, பெருக்கினால் வேகம். அந்த இரண்டு எண்களில்தான் எல்லாம். அவளுக்குக் கணக்கு வாயோடு வரும், பாத்திரம் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும், அக்கா செத்த பிறகு தூக்கத்தில் வருகிறது. ஈர உடம்புக்கு எவ்வளவு? ஆயிரம் ஓம். நன்றாக நனைந்து, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நிற்கிற ஒரு மனுஷிக்கு ஆயிரம் ஓம் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. அக்கா ஐந்தடி இரண்டங்குலம், சிரித்தால் ஒரு கண் சின்னதாகும், கோபம் வந்தால் சமையலறையில் பாத்திரத்தோடு பேசுவாள். புத்தகத்துக்கு அவள் ஆயிரம் ஓம்.

ஒருநாளும் ஷாக் அடிச்சதில்லை சார். அதுதான், அந்தக் குரல்தான், மனசு மறுபடி மறுபடி அங்கே போய்தான் முள்ளில் துணி மாட்டிக்கொள்வது போல் மாட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார், அவன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான், ஒருநாளும் ஷாக் அடிச்சதில்லை சார், எங்கப்பா கட்டின வீடு, இத்தனை வருஷமா நாங்க எல்லாரும் குளிக்கிறோம், அவ ஈரக் கையோட சுவிட்சத் தொட்டிருப்பா சார். அப்போது சுவிட்ச் குளியலறைக்கு உள்ளேயே இருந்தது, ஆகவே பேனா அப்படியே எழுதிக்கொண்டு போனது. சுடர்க்கொடி அப்போது ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை, பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களும் உள்ளே மடங்கி எதையோ இறுகப் பிடித்தபடி நின்றுபோயிருந்தன, ஒவ்வொன்றாக விலக்கினால் விரல்களின் உட்பக்கத்தில் பழுப்பாகக் கோடு, உள்ளங்கையில் அதற்கு நேரே இன்னொரு கோடு. சுவிட்சைத் தொடுகிற விரல் நுனியில் தொடும். இது உருண்டையாக ஒன்றைப் பிடித்த கை, குழாயைப் பிடித்த கை, பிடித்த பிறகு விட முடியாமல் போன கை. மின்சாரம் பாய்ந்தால் சதை இறுகும், விடு விடு என்று மனசு கத்தினாலும் விரல் இன்னும் இறுகும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அந்த விரல்களைப் பிரிக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. சார், இது சுவிட்சத் தொட்ட கை இல்ல, பாருங்க சார், என்றாள். நீங்க டாக்டராம்மா? இல்ல சார், லேப்ல வேலை பாக்குறேன். டாக்டர் எழுதுவாரும்மா. டாக்டர் மின்தாக்குதல் என்று எழுதினார், எதைத் தொட்டாள் என்று எழுதுவது அவர் வேலையில்லை. விபத்து என்று எழுதி மூடினார்கள். அவன் சுவிட்சைப் பிடுங்கி நடையில் மாட்டிக்கொண்டான். பாத்தீங்களா, எல்லாம் சரி பண்ணிட்டேன் என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். கீஸர் அதே கீஸர். குழாய் அதே குழாய். இந்த வீட்டில் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே கிடையாது, அவன் அப்பா சிக்கனமாகக் கட்டின வீடு, கசிகிற மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் பித்தளையில் ஏறி ஒரு கைக்காகக் காத்து நிற்கிற வீடு.

கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை இதெல்லாம் சந்தேகம்தான். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான், முகம் கழுவிட்டு வர்றேன் என்று சொல்லி அவள் ரப்பர் செருப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே பச்சை ஓடு. விளிம்பெல்லாம் உப்புப் படிந்த அதே வாளி. அக்காவின் மஞ்சள் கிண்ணம் இருந்த இடத்தில் வேறொரு ஷாம்பு. பார்க்கக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்ததால் தரையை மட்டும் பார்த்தாள், தண்ணீர் போகிற இரும்புச் சல்லடையை மட்டும் பார்த்தாள். பீங்கான் மின்தடையின் ஒரு கம்பியைக் கிளிப்பால் குழாயில் கவ்வ வைத்து, மற்ற கம்பியைச் சல்லடையில் பொருத்தினாள். ஆயிரம் ஓம். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தினாள். மீட்டரில் நூற்றிருபது வோல்ட் வந்தது. கம்பியை மாற்றி ஆம்பியர் பார்த்தாள், புள்ளி ஒன்று இரண்டு. வகுத்தால் ஆயிரம், சரி, மீட்டர் பொய் சொல்லவில்லை. பெருக்கினால் பதினாலு புள்ளி நாலு வாட். பதினாலு வாட்டா? பதினாலு வாட்தானா? சாமி படத்துக்கு முன்னால் இரவெல்லாம் எரிகிற ஜீரோ வாட் பல்பு இருக்கிறதே, பேர்தான் ஜீரோ, அது குடிப்பது பதினைந்து வாட். அந்தச் சிவப்புப் பல்பை எரிக்கக்கூடப் பத்தாத சக்தி. ஒரு தோசை சுடாது, ஒரு டம்ளர் தண்ணீரை வெதுவெதுப்பாக்க அரை மணி எடுக்கும். ஆனால் முப்பத்தெட்டு வயசுப் பொம்பளை ஒருத்தியைக் கொல்ல அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஆய்வக நோட்டிலிருந்து கிழித்து வந்த தாளில் மூன்று எண்களையும் எழுதி, தேதி போட்டு, நேரம் போட்டு, மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்தபோது வேணி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அய்யய்யோ அக்கா, கீஸர் ஓடும்போதா உள்ள போனீங்க? அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ஏன்? கரண்டு பில்லு ஏறுதாம், தண்ணி சுட்டதும் அணைச்சிட்டுத்தான் குழாயத் தொறக்கணுமாம், நான் அணைச்சேன்னு வாயால சொன்னாத்தான் அவரு உள்ளயே போவாரு, கல்யாணமாகி வந்த அன்னிக்கே முதல் பாடம் அதான், என்று வேணி சிரித்தாள். சிரிக்கும்போது அழகாக இருந்தாள். அவளை வெறுக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது கொஞ்சம் வழுக்கியது.

அது எதையும் நிரூபிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் நிரூபிக்கவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஒரு பெண்டாட்டியை ஷாக்குக்குக் கொடுத்தவன் பயப்படத்தானே செய்வான், அணைத்துவிட்டுக் குளிப்பதில் என்ன தப்பு, அதை மறைக்க பில் என்று சொல்வதும் மனுஷ சுபாவம்தான். கடிகாரத்தில் எட்டு இருபத்தெட்டு. கடுகு வெடித்தது. டிவியில் யாரோ கைதட்டினார்கள். அணைச்சேன்னு சொன்னாத்தான் உள்ளயே போவாரு. இந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே, வேணி போனில் சொன்னாளா, இல்லை, வேணியின் குரல் இல்லை, இன்னும் கொஞ்சம் கரகரப்பு, பின்னணியில் பிரஷர் குக்கர், நடுவில் ஒரு சிரிப்பு. உங்க மச்சானோட கூத்து ஒண்ணு தெரியுமாடீ சுடரு. கார்த்திகை மாசம், இவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள், அக்கா சமையல் செய்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அவரு குளிக்கப் போனா நான் வெளிய போயி மெயினையே அணைக்கணுமாம், அணைச்சேன்னு சொன்னாத்தான் மனுஷன் உள்ளயே போறாரு, அஞ்சு நிமிஷம் வீடே இருட்டு, மிக்ஸி பாதியில நிக்குது. நான் குளிக்கும்போது யாரும் அணைக்கிறதில்லம்மா, நமக்கென்ன, நாம ராஜாவா? இல்லடி, குழாயத் தொட்டா சுருக்குங்குது, அவருகிட்ட சொன்னேன், உனக்குக் குளிர்ல கை மரத்துப்போகுது, எல்லாம் பிரமைங்கிறாரு. நீதான் கரண்டோட கிடக்கிறவ, ஒருநாள் வந்து பாரேன். லீவு கிடைக்கட்டுங்க்கா. பஸ் வந்துருச்சு, வைக்கட்டுமா? பஸ் வந்துவிட்டது. பஸ் வந்துவிட்டது என்பதற்காக வைத்தாள். அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுகூட நினைவிருக்கிறது, ஜன்னலோரம், முன்சீட்டில் ஒரு குழந்தை முறுக்குத் தின்றது, அதெல்லாம் நினைவிருந்தது, அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் பதினாலு மாசம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டிருந்தது? பதினெட்டாம் நாள் அக்கா செத்தாள். பதினெட்டு நாளில் இரண்டு ஞாயிறு இருந்தது. இரண்டில் ஒன்றில் துணி துவைத்தாள், இன்னொன்றில் ஒன்றுமே செய்யவில்லை.

ஆக அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தது. அந்த எண்ணம் முதலில் குளிர்ச்சியாக வந்தது, பிறகுதான் சூடு ஏறியது, கம்பிச் சுருள் மெல்லச் சிவப்பது போல. தனக்கு ஆபத்து என்று தெரிந்து தனக்கு மட்டும் வழி செய்துகொண்டவன். ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சோம்பல், தன் அப்பா கட்டின வீட்டில் குறை என்று ஒத்துக்கொள்ளக் கூச்சம், அந்தக் கூச்சத்துக்கு ஒரு உயிர். நான் குளிக்கும்போது அணை என்று சொன்ன வாய்க்கு, நீ குளிக்கும்போது அணைத்துக்கொள் என்ற மூன்று சொல் கனத்துவிட்டது. கொன்றிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. கொல்கிறவன் கொல்லப்படுகிறவளை ஒரு பொருட்டாக நினைக்கிறான், இரவெல்லாம் முழித்துத் திட்டம் போடுகிறான், கடைசியில் அவள் பேரைச் சொல்லியாவது பயப்படுகிறான். இவன் நினைக்கவே இல்லை. எட்டு முப்பத்தைந்து. சுவிட்சுக்குள் சின்ன சிவப்பு வெளிச்சம், குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் முணுமுணுக்கிற சத்தம். இப்போது குழாயில் வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் இல்லை. தொடும்வரை ஆம்பியர் இல்லை. தொட ஒரு கை வரும்வரை வோல்ட் பொறுமையாக நின்றுகொண்டே இருக்கும், அதற்குப் பசியில்லை, அலுப்பில்லை, பதினாலு மாசமானாலும் நிற்கும். என்னைப் போல, என்று நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்ததில் ஒரு இனிப்பு இருந்தது, நாக்கின் அடியில், மருந்து மாதிரி ஒரு இனிப்பு. அவன் கை குழாயில் மூடுவதைப் பார்த்தாள். தடித்த விரல்கள், மோதிரம், நாலும் உள்ளே மடங்கி, விடு விடு விடு. கீழே வழுக்கி உட்கார்ந்து, அக்கா எதைக் கடைசியாகப் பார்த்தாளோ அந்தப் பச்சை ஓட்டைப் பார்த்துக்கொண்டு. பிறகு அதே சப்-இன்ஸ்பெக்டர் வருவார், அதே பேனா, ஈரக் கையோட சுவிட்சத் தொட்டிருப்பாரு சார் என்று இவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்வாள், சுவிட்ச் வெளியேதானேம்மா இருக்கு என்று கேட்பார், அட ஆமாம், சுவிட்ச் வெளியே இருக்கிறது, அவனே மாற்றியதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். சட்டம் ஒன்றும் செய்யாது, அவள் எதையும் தொடப்போவதில்லை, எதையும் மாற்றப்போவதில்லை, இருக்கிறதை இருக்கிற மாதிரியே விடப்போகிறாள், அவன் அக்காவை விட்ட மாதிரியே. வேணி தாலி இழப்பாள். இழக்கட்டும். இல்லை, இருபத்தொன்பது வயசு. இழக்கட்டும், ஒருநாள் அணைக்க மறந்து அவளும் செத்துப்போவதற்கு இது மேல். என்ன பேச்சு இது, என்று உள்ளே யாரோ கேட்டார்கள், அக்காவாக இருக்கலாம், அக்கா பாத்திரத்தோடு பேசுகிற குரல், ஆனால் சரியாகக் கேட்கவில்லை.

வேணி ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கடந்தாள். மாடியில காயப்போட்டுட்டு வந்துர்றேங்க்கா, அவரு கேட்டாருன்னா அந்தச் சுவிட்ச மட்டும் அணைச்சிடுங்க, என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் படியேறினாள். அவ்வளவு லேசாக. ஒரு உயிரைத் தூக்கி மடியில் போட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரியாமல். டிவி நின்றது. படுக்கையறையில் அலமாரி திறக்கும் சத்தம், துண்டை உதறும் சத்தம். குளியலறைக்குப் படுக்கையறைப் பக்கமாக இன்னொரு கதவு உண்டு, அது கிறீச்சிட்டது. இப்போது அவன் வாசற்படியில் நிற்கிறான், இவளுக்கும் அவனுக்கும் நடுவே சாத்திய ஒரு மரக்கதவு, பச்சை ஓடு, ஒரு பித்தளைக் குழாய்.

“வேணி, அணைச்சாச்சா?”

மாடியில் துணி உதறும் சத்தம் பட்டென்று கேட்டது. ஒரு ‘ம்’ போதும். ‘ஆச்சு’கூட வேண்டாம், சாத்திய கதவுக்குப் பின்னால் எல்லாப் பெண்களுடைய ‘ம்’மும் ஒன்றுதான், இந்த வீட்டில் எத்தனை ‘ம்’ சொல்லப்பட்டிருக்கும், எவள் சொன்னாள் என்று அவன் என்றைக்காவது திரும்பிப் பார்த்திருப்பானா? அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டன, ஒட்டினாலே பாதி ‘ம்’ ஆகிவிடும், மூக்கு வழியாகக் காற்றை விட்டால் முடிந்தது. அவன் காத்திருந்தான். அதுதான் அவளைத் தடுத்தது என்று பின்னால் பல நாள் யோசித்து முடிவுக்கு வந்தாள். இரக்கம் இல்லை, பாவம் புண்ணியம் இல்லை. அவன் காத்திருந்தான். துண்டோடு, குளிரில், தன் வீட்டுக் குளியலறை வாசலில், ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஒரு சொல் வரும்வரை ஒரு அடி எடுத்து வைக்காமல் நின்றான். தெரியாமல் சாவது அக்காவுக்கு நடந்தது. இவன் தெரியாமல் செத்தால், ஒருநாளும் ஷாக் அடிச்சதில்லை சார் என்பது அவனோடு சேர்ந்து உண்மையாகிவிடும். அந்தப் பொய்யை அவன் உடம்போடு எரிக்க அவளுக்கு மனமில்லை. அவன் வாயிலிருந்தே அதைப் பிடுங்க வேண்டும்.

“வேணி! காதுல விழல? அணைச்சாச்சா?”

“இல்ல மச்சான். எரிஞ்சிட்டிருக்கு.”

“யாரு, சுடரா? வேணி எங்க? அத அணைச்சிடும்மா.”

“எதுக்கு மச்சான்?”

“எதுக்குன்னா? தண்ணி சுட்டிருக்கும்ல. வீணா ஓடுது.”

“ஓடட்டும். நீங்க குழாயத் தொறங்க.”

“என்ன விளையாட்டு இது காலங்காத்தால?”

“ஒருநாளும் ஷாக் அடிச்சதில்லன்னு போலீஸ்கிட்ட சொன்னது நீங்கதானே. தொறங்க மச்சான். நான் அணைக்கல. கை வெச்சுத் தொறங்க.”

காலி வாளியோடு வேணி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், படியிலேயே நின்று சுடர்க்கொடியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னக்கா, என்ன ஆச்சு, என்றாள். வேணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ மச்சான் மச்சினி சண்டை, நடுவில் புகுந்து சமாதானம் செய்வோம் என்பது போல ஒரு சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு, இதுக்குப் போயா, நானே தொறந்து விடுறேன், வாளி ரொம்பட்டும், என்று நடைப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். செருப்பில்லாத கால். துவைத்த ஈரம் சொட்டுகிற கை. அந்தக் கால் பச்சை ஓட்டில் படுவதைச் சுடர்க்கொடி பார்த்தாள், பார்த்தபோதே அவள் கை தன்னால் எழும்பித் தலைக்கு மேலே போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டது. சிவப்பு வெளிச்சம் செத்தது. யாருக்கும் தெரியவில்லை. வேணி குழாயை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், எதிர் வாசலில் இடுப்புத் துண்டோடு நின்றிருந்த சிவநேசன் அந்தக் கையைப் பார்த்தான்.

“தொடாதே! வேணி, தொடாதடி! செத்துப்போவ!”

வீடு முழுக்க எதிரொலித்தது. வேணியின் கை குழாய்க்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. வெற்றி என்று ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், அதற்கு ஒரு உருவம்கூட வைத்திருந்தாள், வந்தது அதுவல்ல. இந்தக் குரல் இவனிடம் இருந்திருக்கிறது. இவ்வளவு சத்தமாக, இவ்வளவு பயத்தோடு, ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கத்துகிற குரல் இவன் தொண்டையில் எப்போதும் இருந்திருக்கிறது. அக்காவுக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்துக்கு முன்னால் இதுவரை இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது, ஆனால் அது கத்துகிற ஆத்திரமாக இல்லை, மெதுவாக, தெளிவாகப் பேசுகிற ஆத்திரமாக இருந்தது.

“எப்பலேர்ந்து தெரியும் மச்சான்?”

“என்ன தெரியும்? நீ என்னமோ...” அவன் துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டான். கண்கள் வேணியிடம் போயின, குழாயிடம் போயின. “அவகிட்டயும் சொன்னேன். செருப்பு போட்டுக்கிட்டுக் குளின்னு சொன்னேன். அவதான் கேக்கல. பூஜைக்கு முன்னாடி குளிக்கும்போது செருப்பா போடுவாங்கன்னு எங்கிட்டயே...” சொல்லிக்கொண்டே வந்தவன், என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டான்.

“கரண்டு பில்லுன்னு சொன்னீங்க,” என்றாள் வேணி. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “எங்கிட்ட பில்லு ஏறுதுன்னுதானே சொன்னீங்க?”

வேணி மறுபடி கேட்டாள், மூன்றாம் முறையும் அதே சொற்களில் கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, நீட்டிய கையைத் தன் பக்கம் இழுத்து, ஏதோ பிறத்தியார் கையைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமாகவே நடந்து நடைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கத்தில் அவன் வேணி வேணி என்று இரண்டு முறை கூப்பிட்டான், பிறகு படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருப்பான். நடைக்கு வந்தவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சுடர்க்கொடியும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். எங்க அக்கா எப்படிச் செத்தான்னு இதுல இருக்கு, என்றாள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன், கேக்கலன்னா மேல போவேன். ஆனா நம்பரத்தான் எவனும் நம்பமாட்டான், போன தடவையும் நம்பல. வேணி தாளை மடியில் விரித்து மூன்று எண்களையும் வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் விளங்கியிருக்காது. பேனா இருக்கா அக்கா, என்றாள்.

எண்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதினாள். இன்று காலை குளியலறையில் நான் குழாயைத் தொடப் போனபோது என் கணவர், தொடாதே, செத்துப்போவாய் என்று கத்தினார். முதல் மனைவியிடம் செருப்பு போட்டுக் குளிக்கச் சொன்னதாக என் முன்னிலையில் சொன்னார். நான் என் காதால் கேட்டேன். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தாள். பழக்கத்தில் ‘சி’ என்று கணவனின் முதலெழுத்தைப் போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டாள். பேனா அந்தப் புள்ளியிலேயே நின்றது, மை கொஞ்சம் ஊறிப் பரவியது. பிறகு அந்த எழுத்தைக் குறுக்கே ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் அப்பாவின் ‘ப’வைப் போட்டு, ப. கிருஷ்ணவேணி என்று முழுப்பெயரையும் எழுதினாள்.